நடுவில் ஏழு ஏக்கர்

12 மே 1986

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

சுற்றி வளைக்காமல் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆபீசில் பழைய வரைபடச் சுருள்களை அணைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினேன். சுருள்கள் பத்திரமாக இருக்கின்றன, உருண்டது நான்தான். வீட்டுக் கட்டிலிலேயே படுக்கவைத்து, காலில் கயிறு கட்டி, கயிற்றின் நுனியில் எடையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். மூன்று மாதம் அசையக்கூடாதாம். பதறாதே. வலி பழகிவிட்டது.

உன் மாமாதான் சமைக்கிறார். நேற்று குழம்பில் உப்பே இல்லை என்றேன். "உப்பைத் தனியா தரேன், உனக்கு வேணுங்கிற அளவு கலந்துக்கோ" என்று ஏதோ சலுகை செய்வதுபோல் சொன்னார்.

படுத்தபடி கூரையில் எத்தனை உத்தரம், எத்தனை பல்லி என்று எண்ணி முடித்துவிட்டேன். இனி நீதான் வழி காட்ட வேண்டும். நீ போய் மூன்று வருடமாகிறது. உன் கடிதங்கள் எப்போதும் நாலே வரிதான். நலம், வேலை நடக்கிறது, குளிர் அதிகம், இப்படிக்கு. நீ இருக்கும் ஊர் எனக்கு இன்னும் வெள்ளைத்தாளாகவே இருக்கிறது. போய் நடந்து பார்த்து எழுது. அப்பா நடந்த மாதிரி எண்ணி நட. சர்வே சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக அளந்தவரின் பிள்ளை நீ. எத்தனை அடி வைத்தாய், எந்தப் பக்கம் திரும்பினாய் என்று எழுதினால் போதும். வயிற்றின் மேல் பலகையை வைத்து நான் படமாக வரைந்துகொள்வேன். இருபது வருடம் யார் யாருடைய நிலத்தையோ வரைந்தவள், தம்பி நடக்கும் தெருவை வரையமாட்டேனா?

உடம்பைப் பார்த்துக்கொள். மாமா விசாரித்தார்.

உன் அக்கா

---

27 மே 1986, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை முதல் வரியிலேயே மடித்து வைத்துவிட்டு, பிறகு மறுபடி பிரித்தேன். இரண்டாம் முறை படித்தபோதுதான் சிரிப்பு வந்தது. கால் எப்படி இருக்கிறது? மாமாவுக்கு உப்பு வாங்கிக் கொடுக்கவும்.

நான் நலம். ஷிஃப்ட் மாறியிருப்பதால் நடக்க நேரம் கிடைக்கிறது. நேற்றும் இன்றும் நடந்தேன். இங்கே தெருப்பெயர்களைப் படித்தால் நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. அதனால் நானே பெயர் வைத்துவிட்டேன்.

என் அறை இருக்கும் தெரு செருமல் தெரு. எல்லா ஜன்னலிலும் யாராவது இருமிக்கொண்டே இருப்பார்கள். வாசலிலிருந்து வலப்பக்கம் 212 எட்டு வைத்தால் ஒரு பூட்டுக்கடை. அங்கே வலப்பக்கம் திரும்பினால் வாய்க்கால் ரோடு, நேராக 420 எட்டு. கல் கட்டிய வாய்க்கால், அதில் தண்ணீர் ஓடுவதே தெரியாது. ஒரு காகிதத்தைப் போட்டுப் பார்த்தேன், மெதுவாக நகர்ந்தது. வாய்க்கால் ரோட்டில் மேற்கே நடக்கும்போது என் நிழல் எனக்கு நேர் முன்னால் விழுந்தது. வடக்கு எது என்று நீ கேட்பாய் என்று தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

எண்ணிக்கொண்டே நடந்ததில் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. கோடை விடுமுறையில் நம்மையும் அளவைக்குக் கூட்டிப்போவாரே. நடுவில் யாராவது வணக்கம் சொன்னால் பதில் சொல்லமாட்டார், எண்ணிக்கை விட்டுப்போகுமே என்று. ஊரில் பாதிப் பேர் அவரைத் திமிர் பிடித்தவர் என்றே நினைத்தார்கள்.

நன்றாக ஓய்வு எடு.

தம்பி

---

9 ஜூன் 1986

அன்புத் தம்பிக்கு,

உன் செருமல் தெருவும் வாய்க்கால் ரோடும் என் தாளில் ஏறிவிட்டன. உன் எட்டு ஒன்றுக்கு இரண்டரை அடி என்று கணக்கு வைத்திருக்கிறேன். சின்ன வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைப்பதற்குள் "தூக்கு" என்பாய். அந்தக் கால்தானா இது?

இன்னும் எழுது. தெருவில் என்ன கடை, எந்த வீட்டில் எந்த நிறக் கதவு, எல்லாம் வேண்டும். மாமா தினமும் தபால்காரரை வாசலில் நின்று வழிமறிக்கிறார். உன் கடிதத்தை அவர்தான் உரக்கப் படிப்பார். "இருமல்" என்று வந்த இடத்தில் இருமியும் காட்டினார்.

எடையைக் குறைத்திருக்கிறார்கள். நலமே. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

---

25 ஜூன் 1986, புதன்

அன்புள்ள அக்காவுக்கு,

எடையைக் குறைத்தது கேட்டு நிம்மதி. நான் சாப்பிடுகிறேன்.

வாய்க்கால் ரோட்டின் முடிவில் இடப்பக்கம் திரும்பினால் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. மதில் மட்டும் 300 எட்டு. மதிலோரம் ஒரு பெஞ்சு. நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் அதில் உட்கார்ந்து, முகத்தைச் சரிசெய்துகொண்டு உள்ளே போகிறார்கள். மறுபடி இடப்பக்கம் திரும்பினால் வெள்ளைத் தெரு. வரிசையாகச் சலவைக்கடைகள், ஆஸ்பத்திரித் துணியெல்லாம் அங்கேதான் வருகிறது. தெரு முழுக்கச் சோப்பு மணம். காலையில் அங்கே நடந்தால் யாரோ குளித்துவிட்டு நம்மைக் கடந்துபோன மாதிரி இருக்கிறது. அதுவும் 420 எட்டு. வெயில் நேராக முகத்தில் அடித்தது. அதன் முடிவில் இடப்பக்கம் திரும்பினால் நீலக் கதவுத் தெரு, 300 எட்டு. மறுபடி பூட்டுக்கடை.

திங்கள் ஒருமுறை, செவ்வாய் ஒருமுறை, இன்று இருமுறை சுற்றினேன். எண்ணிக்கை சரியாக இருக்கிறது. பூட்டுக்கடைக்காரர் இப்போது கை ஆட்டுகிறார். நானும் அப்பா மாதிரி பதில் சொல்லாமல் போகிறேன்.

மாமாவுக்கு வணக்கம்.

தம்பி

---

8 ஜூலை 1986

அன்புத் தம்பிக்கு,

எடையை எடுத்துவிட்டு மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். கால் ஒரு தூண் மாதிரி இருக்கிறது. மற்றபடி சுகம்.

நீ சுற்றிய நாலு தெருவும் ஒரு நீள்சதுரமாக ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டுவிட்டன. ஆனால் நடுவில் இடிக்கிறது. நாலு பக்கமும் வீட்டுக்கும் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நூற்றைம்பது அடி ஆழம் தாராளமாக விட்டுப் பார்த்தேன். அப்படியும் நடுவில் ஏழு ஏக்கர் மிஞ்சுகிறது. ஏழு ஏக்கர், தம்பி! நாலு தெருவிலும் உள்ளே போகும் சந்து ஒன்றுகூட நீ எழுதவில்லை. ஊர் நடுவில் அவ்வளவு இடத்தை யாரும் சும்மா விடமாட்டார்கள். அங்கே என்ன இருக்கிறது? படத்தின் நகல் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. நீ எழுதிய நிழலெல்லாம் மேற்கே விழுகிறது. எல்லாமே காலை ஒன்பது, பத்து மணி நிழல். இப்போது உனக்கு எந்த ஷிஃப்ட்?

அன்புடன்,
அக்கா

---

20 ஆகஸ்ட் 1986, புதன்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலம்தானே? நீ எழுதி ஆறு வாரமாகிறது, நான் பதில் எழுதவில்லை. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இப்போது எழுதிவிடுகிறேன், எழுதியதும் உடனே தபாலில் போட்டுவிடுகிறேன்.

முதலில் உன் ஏழு ஏக்கர். உன் கடிதம் வந்ததிலிருந்து போன வாரம்வரை அந்தப் பக்கமே போகவில்லை. அறையிலேயே கிடந்தேன். சனிக்கிழமை உன் படத்தை எடுத்துக்கொண்டு கிளம்பி, மதிலையும் கதவுகளையும் திருடன் மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டே போனேன். வெள்ளைத் தெருவில் ஒரு சலவைக்கடைக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெளியே வந்தார். இவர்கள் மொழி எனக்குப் பாதிதான் வரும், மீதியை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"என்ன தேடுற? ரெண்டு மாசம் முன்னாடி இந்தத் தெருவுல வாய்க்குள்ளயே முணுமுணுத்துக்கிட்டுப் போனவன் நீதானே?"

எண்ணிக்கொண்டு நடப்பதைச் சொல்ல எனக்கு வார்த்தை தெரியவில்லை. படத்தைக் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் கடையைக் கண்டுபிடித்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டார். ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

"யார் போட்டது?"

"எங்க அக்கா. இந்த ஊரையே பார்த்ததில்ல. கால் ஒடிஞ்சு படுத்திருக்காங்க."

அந்த அம்மா நீ கேள்விக்குறி போட்ட இடத்தில் ஈர விரலை வைத்தார். "இதுவா? வா" என்று என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைக்குள் போனார். கொதிக்கிற அண்டாக்களைத் தாண்டி, காயும் போர்வைகளை விலக்கிக்கொண்டு போனோம். பின்கட்டில் ஒரு தகரக் கதவு. அதற்கு அந்தப்பக்கம் புல்வெளி, புல்வெளி நடுவே ஒரு கண்ணாடி மாளிகை.

இரண்டு தென்னை உயரம் இருக்கும் அக்கா. இரும்புச் சட்டம், எல்லாம் கண்ணாடி. பாதிக் கண்ணாடி உடைந்து, பலகை அடித்திருக்கிறார்கள். வெயில் நாட்டுச் செடிகளை வளர்க்க யாரோ நூறு வருடத்துக்கு முன்னால் கட்டியதாம். ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் இதற்கு ஒரு வாசல் உண்டு, இரண்டு வருடமாகப் பூட்டி வைத்திருக்கிறார்கள். வயதான தோட்டக்காரர் ஒருவர் மட்டும் இருக்கிறார். அவர் கதவைத் திறந்ததும் என் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. கழற்றித் துடைக்கத் தோன்றவில்லை. அப்படியே நின்றேன். மழை பெய்து ஓய்ந்ததும் நம் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் ஒரு காற்று வருமே, அதே காற்று. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு மூக்கு நுனிக்கு வந்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு, சும்மா நிற்கும்போதே எனக்கு வியர்த்தது.

உள்ளே ஒரு கறிவேப்பிலை மரம். என்னைவிட இரண்டு மடங்கு உயரம், ஒரு இணுக்குகூட ஒடித்த தடமில்லை.

"இதை யாரும் பறிக்கமாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்குப் பறிக்கணும்? பேர்ப்பலகை இருக்கு பாரு" என்றார் தோட்டக்காரர்.

நான் சிரித்தேன். சிரிப்பு எங்கேயோ போய் வேறு மாதிரி முடிந்துவிட்டது. அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

அக்கா, என்னைத் தொழிற்சாலையில் கறிவேப்பிலை மாதிரி எடுத்துப் போட்டுவிட்டார்கள். ஏப்ரல் 28. பம்ப் பிரிவையே மூடிவிட்டார்கள், நாற்பது பேர். உன் முதல் கடிதம் வந்தபோது எனக்கு வேலை போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. நீ அங்கே காலில் எடையோடு கிடக்கும்போது நான் இதை எப்படி எழுதுவது? கம்பெனி அறையை நவம்பர் முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். வேறு வேலை கிடைக்காவிட்டால் டிசம்பரோடு இருப்பு அனுமதியும் முடிகிறது. ஷிஃப்ட் மாறியது என்று எழுதினேன். அது ஒருவகையில் உண்மைதான், நாள் முழுக்க எனக்கு ஒரே ஷிஃப்ட்.

மன்னித்துக்கொள்.

தம்பி

---

5 செப்டம்பர் 1986

அன்பு மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது.

வீட்டில் எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நான். உன் அக்காவுக்கு மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று. ஊன்றுகோலோடு அறைக்குள் நடக்கிறாள். ஆனால் உன் கடிதம் வந்ததிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "எழுதலையா?" என்றேன். "அவன் ஆறு வாரம் எடுத்துக்கிட்டான்ல, எனக்கும் எடுத்துக்கத் தெரியும்" என்கிறாள்.

அவள் சொல்லாததை நான் சொல்லிவிடுகிறேன். உனக்கு வேலை இல்லை என்பது ஜூலைத் தொடக்கத்திலேயே அவளுக்குத் தெரியும். நீ நடந்த நாளையும் நேரத்தையும் படத்தின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் குறித்து வைத்திருந்தாள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "வேலைக்குப் போற பையன் வாரத்துல மூணு நாள் காலைல பத்து மணிக்கு வாய்க்கால்ல காகிதம் விடுவானா?" என்றாள். எழுதிக் கேட்டுவிடலாமே என்றேன். "வேணாம். அவனா சொல்லட்டும். நான் கேட்டா நாலு வரிக்குத் திரும்பிடுவான்" என்றாள். அப்படியும் பொறுக்கமுடியாமல் அந்த ஷிஃப்ட் கேள்வியைக் கடைசியில் சேர்த்தாள். பிறகு ஆறு வாரம் நீ எழுதவில்லை. அந்த ஆறு வாரமும் நான் வைத்த குழம்பை ஒருநாள்கூட அவள் குறை சொல்லவில்லை. அதிலிருந்து நிலைமையைப் புரிந்துகொள்.

உன் பயணச்சீட்டுக்கு விசாரிக்கச் சொன்னாள். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசலுக்குப் போவதற்குள் "வேணாம், வாங்க" என்றாள்.

அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நீயும் தெரியாத மாதிரியே இரு.

மாமா

---

19 செப்டம்பர் 1986

தம்பிக்கு,

மாமா எழுதினார் என்று தெரியும். என் பேனாவைத் திறந்தபடி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

கோபம் இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. என் எலும்பு ஒடிந்ததை உனக்கு முதல் வரியிலேயே எழுதினேன். உனக்கு ஒடிந்ததை ஏன் நான் நிழலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்? பள்ளிக்கூடத்தில் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டால் கால்சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு வருவாய். நான் ஒன்றும் சொல்லாமல் "அந்தச் செம்பை எடுத்துட்டு வா" என்பேன். நீ நொண்டி நடப்பதைப் பார்த்துவிட்டு மருந்தை எடுப்பேன். அப்போது உனக்கு ஏழு வயது. இப்போது முப்பத்தொன்று.

திரும்பி வா என்று எழுத நினைத்தேன். எழுதவில்லை. வந்தால் உன் அறையைப் பெருக்கி வைக்க எனக்கு அரை நாள் போதும். ஆனால் உன் கடிதத்தில் நீ வேலையைப் பற்றி எழுதியது பத்து வரி, அந்தக் கண்ணாடி வீட்டைப் பற்றி எழுதியது ஒன்றரைப் பக்கம். அதனால் கேட்கிறேன். இரண்டு வருடமாக ஏன் அதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்? நீ எழுதவில்லை.

காலை பத்து மணிக்கு வெயிலில் நட, தப்பில்லை. அறையில் மட்டும் கிடக்காதே.

அக்கா

---

12 அக்டோபர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபமும் நலமும் அறிந்தேன். இரண்டுக்கும் வணக்கம்.

பூட்டியதற்குக் காரணம் ஒரு பம்ப். கண்ணாடி வீட்டுக்குக் கீழே கொதிகலன் அறை. அங்கே சுடும் வெந்நீரைத் தரையடிக் குழாய்களில் சுற்றவிட இரண்டு பம்ப். ஒன்று செத்துவிட்டது, இன்னொன்று குடம் குடமாக ஒழுகுகிறது. பாதி வீட்டைத்தான் சூடாக்க முடிகிறது. போன குளிரில் பாதிச் செடி போய்விட்டது, இந்தக் குளிரில் மீதியும் போகும் என்றார் தோட்டக்காரர். இறங்கிப் பார்த்தேன். மூன்று வருடம் தொழிற்சாலையில் நான் பூட்டி அனுப்பிய அதே ரகம்! கழற்றினால் பேரிங் நன்றாக இருக்கிறது, தண்ணீர் கசியாமல் அடைக்கும் சீல்தான் தேய்ந்துபோயிருக்கிறது. கடைகளில் கிடைக்கவில்லை. கிடைக்கக்கூடிய இடம் ஒன்றுதான்.

ஐந்து மாதமாக நான் போகாத ஒரே திசை அது. உன் படத்தில் என் வாசலுக்கு இடப்பக்கம் ஒன்றுமே இல்லை, கவனித்திருப்பாய். திங்கட்கிழமை அந்தப் பக்கம் நடந்தேன். 1,140 எட்டு. கேட்டில் பெயர் கேட்டார்கள். பழைய ஃபோர்மேனைப் பார்க்க வேண்டும் என்றேன். அரைமணி நேரம் கழித்து வந்தார், கையைத் துடைத்துக்கொண்டே.

"வேலை எதுவும் இல்லப்பா. கேக்காதே, எனக்கே கஷ்டமா இருக்கு."

"வேலை கேக்க வரல சார். ரெண்டு சீல் வேணும். பழைய பெரிய பம்புக்கு."

"உங்கிட்ட ஏது பம்ப்?"

சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். "அந்தக் கண்ணாடி வீடு இன்னும் இருக்கா? என் சம்சாரத்தை முதல் தடவை அங்கதான் பார்த்தேன்" என்றார். உள்ளே போனவர் மூன்று சீலோடு வந்தார். "ஒண்ணு கூடவே வெச்சுக்கோ" என்றார். நான் திரும்பும்போது கூப்பிட்டு, "அந்த லிஸ்ட்ல பேர் எழுதுனது நானில்ல" என்றார். எனக்கு அது தெரியும். ஆனாலும் அவர் சொல்ல வேண்டியிருந்தது போல.

நான்கு நாள் வேலை. வியாழக்கிழமை ஓட்டிப் பார்த்தோம். நான் வால்வைத் திறந்துவிட்டு மேலே ஓடிவந்து, தரையோடு போகும் குழாயில் கை வைத்தபடி நடந்தேன். முதலில் ஜில்லென்று இருந்தது. பிறகு வெதுவெதுப்பு என் கையைத் துரத்திக்கொண்டு வந்தது. தோட்டக்காரர் மறுகோடியில் குந்தியிருந்து இன்னொரு குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். "வந்துடுச்சு!" என்று கத்தினார். அந்த ஒரு சத்தத்துக்காகவாவது நீ அங்கே இருந்திருக்கலாம்.

என்ன ஆகும் என்று தெரியவில்லை. அவர் மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். காலை நீவிவிட்டுக்கொள், மாமாவிடம் சொல்.

தம்பி

---

3 நவம்பர் 1986

அன்புத் தம்பிக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன், ஆபீஸ் கிளம்புகிறேன். ஆமாம், இன்று முதல் வேலைக்குப் போகிறேன். வலது கால் அரை அங்குலம் குட்டை. நான் நடந்துவருவது இப்போது எல்லோருக்கும் தூரத்திலேயே தெரியும். மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே வருகிறாராம். எதற்கு என்றேன். "நீ விழுந்தா நான் ஏறி டாக்டர் வீட்டுக்குப் போகணும்ல" என்கிறார்.

உன் குழாய்க் கதையை அவர் இரண்டு முறை படித்தார். "வந்துடுச்சு" என்ற இடத்தில் நிறுத்தி மூக்கைச் சிந்தினார். தூசியாம்.

நல்லதோ கெட்டதோ, முடிவு தெரிந்த அன்றே எழுது. நாலு வரி போதும்.

அக்கா

---

7 டிசம்பர் 1986, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் காலும் மாமாவின் சைக்கிளும் நலம் என்று நம்புகிறேன்.

முடிவு வந்துவிட்டது. என்னை கொதிகலன் அறைப் பொறுப்பாளராக எடுத்திருக்கிறார்கள். ஒரு வருடம், அனுமதியும் அதுவரை நீண்டிருக்கிறது. பிறகு என்ன என்று யாருக்கும் தெரியாது, நானும் இப்போது கேட்கவில்லை. கொதிகலன் அறைக்கு மேலே ஒரு சின்ன அறை கொடுத்திருக்கிறார்கள். இந்த ஊரிலேயே போர்வை இல்லாமல் தூங்குகிறவன் நான் ஒருவன்தான். நாலு வரி ஆகிவிட்டது. ஆனால் இன்னொன்றும் எழுத வேண்டும்.

போன வாரம் கண்ணாடி வீட்டை மக்களுக்குத் திறந்தார்கள். முதலிரண்டு நாள் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்தது. பிறகு வருகிறவர்கள் வேறு மாதிரி. சிலர் செடியைப் பார்ப்பதே இல்லை, வியர்ப்பதற்காகவே வருகிறார்கள்.

இன்று மூன்று மணிக்கு ஒரு பெண்மணி தனியாக வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர், உடுப்பைப் பார்த்ததும் தெரிந்தது. இந்த ஊர்க்காரர் இல்லை, நம் பக்கமும் இல்லை. எங்கேயோ வேறொரு வெயில் நாடு. உள்ளே வந்து கதவருகே கொஞ்ச நேரம் நின்றார். கோட்டைக் கழற்றினார். தலைத்துணியை அவிழ்த்தார். பிறகு குனிந்து ஷூவையும் காலுறையையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஈர மண்ணில் நடந்துபோய் வாழையடியில் நின்றார். மாட்டைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி அதன் தண்டை இரண்டு தட்டு தட்டினார். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். அவர் மொழியில் வாழைக்குப் பெயராக இருக்கும்.

"வாழை" என்றேன் நான்.

அவர் அதைச் சொல்லிப் பார்த்தார். வரவில்லை. நான் அவருடையதைச் சொல்லிப் பார்த்தேன். எனக்கும் வரவில்லை. இருவரும் சிரித்தோம். அவர் வாழைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

நான்கு மணிக்கு மூட வேண்டும். வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது, கண்ணாடிமேல் பனி விழுந்துகொண்டிருந்தது. தோட்டக்காரர் சாவிக்கொத்தோடு வந்து என்னைப் பார்த்தார், அந்தப் பெண்மணியைப் பார்த்தார்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டுமே" என்றேன்.

அவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் கீழே இறங்கிப்போய் வால்வை இன்னும் அரைச் சுற்றுத் திறந்துவிட்டேன்.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி